ஜம்போ ஜெட்டுக்கு எப்படி வயதாகிறது?

2024 ஏப்ரல் 22ஆம் தேதி காலை, ஏர் இந்தியாவின் ‘ஆக்ரா’ என்ற போயிங் 747 விமானம் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது. உள்ளே பயணிகள் யாரும் இல்லை. தரையை விட்டு எழும்பியதும் விமானி இறக்கைகளை ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் சாய்த்தார். விமானிகள் விடைபெறும்போது செய்யும் வணக்கம் அது. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக மக்களைச் சுமந்த ஜம்போ ஜெட்டுகளில் ஒன்று இப்படித்தான் நம்மிடமிருந்து போனது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். கடல் தாண்டிக் கண்டம் தாண்டி அமெரிக்கா வரை பறக்கத் தெம்புள்ள விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்? அதற்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். முடி நரைக்காத, முதுகு கூனாத விமானத்துக்கு வயதாவது எப்படி?

இதை விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு வசதி உண்டு. அழுத்தம், அலுமினியம், எரிதல் ஆகிய மூன்றையும் பட்டாசு ஊர்க்காரர்களான நீங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். விமானத்தின் வயதைப் புரிந்துகொள்ள அந்த மூன்றும் போதும்.

ராஜேந்திர சோழன் பறந்த வானம்

போயிங் 747 முதன்முதலில் பறந்தது 1969 பிப்ரவரி 9ஆம் தேதி. மறு ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதுவரை உலகம் பார்த்த பயணிகள் விமானங்களைவிட அது மிகப் பெரியது. உள்ளே இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடக்க இரண்டு பாதைகள் இருந்தன. இப்படி இரண்டு நடைபாதை உள்ளவற்றை அகல உடல் விமானங்கள் என்கிறோம். அந்த வகையில் முதலாவது இதுதான்.

அதன் தலைப்பகுதியில் திமில்போல ஒரு மாடி இருக்கும். அது வந்த கதை சுவையானது. ஒலியைவிட வேகமான விமானங்கள் விரைவில் வந்துவிடும், பயணிகள் எல்லாரும் அவற்றுக்குப் போய்விடுவார்கள் என்று 1960களில் பலர் நம்பினார்கள். அப்படி நடந்தால் 747 சரக்கு ஏற்றியாவது பிழைக்க வேண்டும். மூக்கைத் திறந்து நேராகச் சரக்கை உள்ளே தள்ளுவதென்றால், விமானி உட்காரும் அறை வழியில் இருக்கக் கூடாது. அதனால் ஜோ சட்டர் தலைமையிலான பொறியாளர்கள் அந்த அறையை மாடிக்கு ஏற்றினார்கள். மாடியில் மிஞ்சிய இடத்துக்குச் சுழல் படிக்கட்டு வைத்து, பயணிகள் உட்கார்ந்து பேசும் கூடமாக்கினார்கள்.

ஏர் இந்தியாவின் முதல் 747 வந்தது 1971இல். அதற்குப் ‘பேரரசர் அசோகர்’ என்று பெயர். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் பேரரசர்களின் பெயர்கள்தான். அவற்றில் நம் ராஜேந்திர சோழனும் உண்டு, மகேந்திரவர்மனும் உண்டு. கடல் கடந்து கப்பற்படை அனுப்பிய சோழனின் பெயர் கடல் கடக்கும் விமானத்துக்கு எவ்வளவு பொருத்தம்! ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாளிகைச் சாளரம்போலச் சிவப்பு வளைவுகளைத் தீட்டியிருந்தார்கள். 1990களில் 747-400 என்ற புதிய வகை வந்தபோது ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கொனாரக், அஜந்தா, கஜுராஹோ, ஆக்ரா என்ற வரிசையில் தஞ்சாவூரும் இருந்தது.

தஞ்சாவூர் என்ற பெயர் தாங்கிய அந்த விமானம் நம் பக்கத்து மதுரைக்கு முழுச் சுமையோடு வந்து போக முடிந்திருக்காது. மதுரை ஓடுபாதையின் நீளம் சுமார் 2,300 மீட்டர். முழுச் சுமையில் 747 எழும்ப ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேண்டும். அந்தச் சுமை 390 டன்னுக்கும் மேல்.

இறக்கைக்குப் பின்னால் ஓர் இருக்கை

ஜம்போவில் பறந்தவர்களைக் கேட்டால் பலரும் ஆசையாகச் சொல்வது இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கையைத்தான். வாருங்கள், அங்கே உட்காருவோம்.

நிற்கும்போது இறக்கை நுனி சற்றே தொங்கியிருக்கும். அந்த இறக்கைக்குள்தான் எரிபொருள் தொட்டிகள் இருக்கின்றன. 747-400இல் மொத்தம் 2 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். நான்கு எஞ்சின்களும் அதே இறக்கையில் தொங்குகின்றன. விமானம் ஓடத் தொடங்கி மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது, தொங்கிய நுனி மெல்ல மெல்ல மேலே வளைகிறது. விமானத்தின் எடையைச் சக்கரங்களிடமிருந்து இறக்கை வாங்கிக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். பயப்பட வேண்டாம். வளையும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வளையாத இறக்கைதான் ஒடியும்.

மேலே ஏற ஏறக் காது அடைக்கிறது. அந்தக் காலத்தில் புறப்படுவதற்கு முன் பணிப்பெண் ஒரு தட்டு நிறைய மிட்டாயை நீட்டுவார். அது உபசாரம் மட்டும் இல்லை, அறிவியலும்கூட. மிட்டாயைச் சப்பினால் அடிக்கடி எச்சில் விழுங்குவோம். விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழாய் திறக்கிறது. செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிறது. அடைப்பு நீங்குகிறது.

சாத்தூர்ச் சேவு ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் பையில் வைத்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். பாக்கெட் உப்பியிருக்கும். சாத்தூரில் அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது.

இறங்கும் நேரம்தான் இந்த இருக்கையின் திருவிழா. இறக்கையின் பின்விளிம்பு விரியத் தொடங்குகிறது. ஒரு பலகை பின்னால் நகர்ந்து கீழே மடங்குகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பின்னும் ஒன்று. மூன்று பலகைகளுக்கும் இடையில் இடைவெளிகள். அந்த இடைவெளிகள் வழியாகக் கீழே உள்ள ஊர்கூடத் தெரியும். இறக்கையின் பரப்பும் வளைவும் கூடுவதால் குறைந்த வேகத்திலும் விமானம் மிதக்கிறது. கீழிருந்து இடைவெளி வழியே பாயும் காற்று, மேற்பரப்பில் ஓடும் காற்றை இறக்கையோடு ஒட்டி ஓட வைக்கிறது. இவ்வளவு கனமான விமானம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 18 சக்கரங்களில் இறங்க முடிவது இதனால்தான்.

பயணம் முடிந்தது. விமானத்துக்கு ஒரு பயண அளவு வயதும் கூடிவிட்டது. எப்படி என்று பார்ப்போமா?

உடைய வேண்டிய உறை, உடையக் கூடாத உறை

சேவு பாக்கெட்டுக்கு நடந்ததேதான் விமானத்துக்கும் நடந்தது. பத்தரை கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குதான். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. அந்தக் காற்றில் மனிதர் விழித்திருக்கவே முடியாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். உள்ளே கொடைக்கானல் மலையைவிடச் சற்றே உயரமான இடத்தில் இருப்பதுபோன்ற காற்று கிடைக்கும். தரையில் உள்ள அளவுக்கு நிரப்பினால் விமானத்தின் உடல் இன்னும் தடிமனாக, இன்னும் கனமாக வேண்டியிருக்கும்.

இந்த அளவுக்கே ஒவ்வொரு சதுர மீட்டர்ச் சுவரையும் சுமார் 5 டன் விசை வெளியே தள்ளுகிறது. ஒரு கதவின் மேல் மட்டும் பத்து டன்னுக்கு மேல். ஆகவே பறக்கும்போது யாரும் கதவைத் திறந்துவிட முடியாது. அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே உள்ள காற்றுதான்.

இப்போது தீபாவளிக்கு வெடிக்கும் அணுகுண்டு வெடியை நினைத்துப் பாருங்கள். மருந்தைச் சுற்றிச் சணல் சரட்டை ஏன் அப்படி இறுக்கிச் சுற்றுகிறார்கள்? மருந்து எரிந்தால் ஒரு நொடிக்குள் ஏராளமான சூடான வாயு உண்டாகும். வெறும் காகிதத்தில் மடித்து வைத்தால் சீறிப் போய்விடும். இறுக்கிச் சுற்றினால் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. சணல் தாங்கும் மட்டும் தாங்கி, தாளாமல் அறும்போது அவ்வளவு அழுத்தமும் ஒரே கணத்தில் பாய்கிறது. நாம் கேட்கும் சத்தம் அதுதான்.

விமானமும் உள்ளே அழுத்தம் கொண்ட ஓர் உருளை உறைதான். வெடியின் உறை ஒரே ஒரு முறை உடைவதற்காகச் செய்யப்பட்டது. விமானத்தின் உறை பல்லாயிரம் தடவை உப்பியும் தளர்ந்தும் ஒரு தடவைகூட உடையாமல் இருக்கச் செய்யப்பட்டது. வெடிக்குச் சணல் சுற்றியிருப்பதுபோல விமானத்துக்கு உள்ளே சுமார் அரை மீட்டருக்கு ஒன்றாக உலோக வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் போர்த்திய அலுமினியத் தகட்டின் தடிமன் பல இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான்.

அலுமினியம் என்றதும் கம்பி மத்தாப்பு நினைவுக்கு வருகிறதா? மத்தாப்பில் வெள்ளியாய்ச் சுடர்விடும் தூளும் அதே உலோகம்தான். தூளாக்கினால் காற்றுபடும் பரப்பு மிகமிகக் கூடுகிறது, பற்றி எரிகிறது. தகடாக இருந்தால் மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலம் உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது.

அந்தத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை தளர்கிறது. ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் தடவை இழுத்தால், ஆணி அடித்த துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பிறக்கலாம். அடுத்தடுத்த பயணங்களில் அது சிறிது சிறிதாக நீளும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு வரம்புக்குக் கீழே எத்தனை தடவை இழுத்தாலும் அது சோர்வதில்லை. அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. விசை சிறியதாக இருந்தாலும் தடவைகள் கூடினால் சோர்வு சேரும்.

ஆகவே விமானத்தின் வயதைச் சொல்ல ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டு பாடங்கள்

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் காமெட். 1952இல் சேவைக்கு வந்தது. 1954இல் இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலுக்கு மேலே நடுவானில் சிதறின. காரணம் தேடிய விஞ்ஞானிகள் ஒரு முழுக் காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன்? அழுத்திய காற்றில் ஆற்றல் நிறையச் சேர்ந்திருக்கும். உடல் கிழிந்தால் அது வெடிபோல வெடித்துச் சாட்சியங்களை அழித்துவிடும். தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவதே இல்லை எனலாம். அதனால் கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரம் தடவையைத் தாண்டியதும் உடல் கிழிந்தது. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் விசை குவிகிறது என்று தெரிந்தது. இன்று விமான ஜன்னல்களில் கூர்மூலையே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்.

இரண்டாவது பாடம் 1988 ஏப்ரல் 28ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளில். அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரையில் பெரிய பகுதி நடுவானில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர்களை விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். அந்த விமானத்துக்கு வயது 19தான். ஆனால் அது ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குத் தாவித் தாவிப் பறந்தது. மொத்தம் 89,680 தடவை. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 13 தடவை. போதாததற்குக் கடலின் உப்புக் காற்று வேறு தகடுகளின் இணைப்புகளை அரித்திருந்தது.

747 நெடுந்தூரம் போகும் விமானம். பல மணி நேரப் பயணமும் அதற்கு ஒரே ஒரு தடவைதான். ஏறத்தாழ 20,000 தடவை பறப்பதை இலக்காக வைத்து அதை வடிவமைத்தார்கள். நாளுக்கு இரண்டு தடவை பறந்தால் அந்தக் கணக்கு முடியவே 27 ஆண்டுகள் ஆகும்.

விரிசலைத் தேடுகிறவர்கள்

அலோஹா விபத்துக்குப் பிறகு, வயதான விமானங்களைச் சோதிக்கும் முறைகளை உலகம் முழுக்கக் கடுமையாக்கினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜம்போவின் இருக்கைகள், தரை, உட்சுவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலும்புக்கூடு வரை பார்ப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிப் பிடிப்பது? ஒரு வழி எளியது. தகட்டின் மேல் சிவப்புச் சாயத் திரவத்தைப் பூசிச் சற்றுநேரம் விடுகிறார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தூளைத் தூவுகிறார்கள். உள்ளே ஒளிந்த சாயத்தைத் தூள் உறிஞ்சி இழுக்கிறது. வெள்ளையின் மேல் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. அதுதான் விரிசல். இன்னொரு வழியில் மின்சுருள் வைத்த ஒரு சிறு கருவியைத் தகட்டின் மேல் நகர்த்துகிறார்கள். அது தகட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். விரிசல் குறுக்கிட்டால் அந்த ஓட்டம் தடம் மாறுவதைக் கருவி காட்டிவிடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. யார் பார்த்தார், என்று பார்த்தார், என்ன கண்டார் என்று எழுதாமல் விமானத்தை விடமாட்டார்கள். உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளுக்கும் இப்படி விதிகள் இருக்கின்றன. மருந்து அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, மருந்து இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், பொறி பறக்கும் இரும்புக் கருவி உள்ளே வரக் கூடாது. அந்த விதிகளை மீறிய இடங்களில் எத்தனை குடும்பங்கள் அழுதன என்று நீங்களே அறிவீர்கள். அழுத்தத்தோடும் நெருப்போடும் வேலை செய்கிறவர்களுக்குத் துணிச்சலைவிட எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் காவல். அந்தப் பழக்கம் உள்ள தொழிலாளிதான் என் கண்ணில் பெரிய விஞ்ஞானி.

நான்கிலிருந்து இரண்டு

சரி, கவனமாகச் சோதித்தால் பழைய விமானமும் பத்திரமாகப் பறக்கும். பிறகு ஏன் ஓய்வு? வயதாக ஆகச் சோதனைகள் கூடும், செலவு கூடும் என்பது பாதி விடை. மீதி விடை எஞ்சினில் இருக்கிறது.

ராக்கெட் வெடியில் உள்ள மருந்து வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் சேர்ந்தது. எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பே கொடுக்கிறது. வெளிக்காற்று தேவையில்லை. ஜெட் எஞ்சின் அப்படி இல்லை. அது மண்ணெண்ணெய் வகை எரிபொருளை மட்டும் சுமந்து, ஆக்சிஜனைப் போகிற வழியில் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிய சுமார் 3.4 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஜம்போவின் தொட்டி நிறைந்தால் எரிபொருள் சுமார் 170 டன். அதற்கான ஆக்சிஜனையும் சுமக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 580 டன் கூடுதல் சுமை. முழு ஜம்போவே அவ்வளவு எடை இல்லையே!

எஞ்சினின் முன்னால் தெரியும் பெரிய விசிறி வேறொரு வேலையும் செய்கிறது. அது இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நெருப்புக்குள் போகாமல் சுற்றிப் போய்ப் பின்னால் தள்ளப்படுகிறது. 747-400இன் எஞ்சினில் ஒரு பங்கு உள்ளே போனால் ஏறத்தாழ ஐந்து பங்கு வெளியே போகும். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். புதிய எஞ்சின்களின் விசிறிகள் இன்னும் பெரியவை. அவற்றில் எட்டு, ஒன்பது பங்கு வெளியே போகிறது.

ஒரு காலத்தில் கடல் கடக்க நான்கு எஞ்சின் தேவைப்பட்டது. இரண்டு எஞ்சின் விமானம் ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடப் பறக்கும் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1953இல் விதி வந்தது. எஞ்சின்கள் நம்பகமானவையாக ஆன பிறகு, 1985இல் அந்த வரம்பை 120 நிமிடமாக உயர்த்தினார்கள். பிறகு அது இன்னும் நீண்டது. இரண்டு எஞ்சினே பெருங்கடலைக் கடக்கும் என்றான பிறகு நான்குக்கு எரிபொருள் ஊற்றுவானேன்? ஏர் இந்தியாவுக்கு இரண்டு எஞ்சின் கொண்ட போயிங் 777 வந்தது, 2012இல் 787 வந்தது. ஆனாலும் 2020 பிப்ரவரியில் கொரோனா பரவிய சீனாவின் வூஹானிலிருந்து நம்மவர் 324 பேரை முதலில் அழைத்துவந்தது ஜம்போதான். 2021க்குப் பிறகு ஏர் இந்தியாவின் ஜம்போக்கள் பயணிகளை ஏற்றவில்லை. தான் தயாரித்த கடைசி 747ஐ, அதாவது 1,574ஆவதை, போயிங் 2023 ஜனவரி 31ஆம் தேதி ஒப்படைத்தது.

செய்து பாருங்கள்

ஒரே பெட்டியிலிருந்து நான்கு ஜெம் கிளிப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். முனை குத்தும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதல் கிளிப்பை நிமிர்த்தி, ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். சில தடவைக்குப் பிறகு மடிப்பை மெல்லத் தொட்டால் சூடாக இருக்கும். நீங்கள் கொடுத்த ஆற்றல் அங்கே வெப்பமாகியிருக்கிறது. ஒடிந்ததும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே அளவு மடக்கி இதேபோலச் செய்யுங்கள்.

மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே ஆலையில், ஒரே கம்பியில் செய்தவைதாம். ஆனாலும் ஒன்று சீக்கிரம் ஒடியும், ஒன்று தாக்குப்பிடிக்கும். விமானப் பொறியாளர்கள் தினமும் சந்திக்கும் சிக்கல் இதுதான்.

நான்காவது கிளிப்பை ஒடிக்காதீர்கள். அதை நம்பிச் சிலர் பயணம் செய்யப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது மடிப்பில் ‘போதும், இனி இதற்கு ஓய்வு’ என்று நிறுத்துவீர்கள்? உங்கள் மூன்று எண்களையும், நீங்கள் முடிவு செய்த நான்காவது எண்ணையும், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.